கோட்டின் மேல் ஒரு புள்ளி

தாளில் கோடு போட்டவன் வோல்டிஸ்:
நேரம். உள்ளே. வெளியே.
அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனான்.
"சாப்பாடு" என்று நான் ஒன்று சேர்த்தேன்.
மறுநாள் அதன் கீழே சின்ன எழுத்தில்:
"யாருடையது?"

அவனுக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை.
எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பகல்.
லியெபாயாவில் ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
எட்டு வருடமாக எங்கள் படுக்கை ஆறியதே இல்லை:
ஒருவர் எழுந்த சூட்டில்
மற்றவர் படுத்துக்கொள்வோம்.

பிப்ரவரியில் வந்தது நாய்க்குட்டி.
கூடவே ஒரு பை பழைய தீனி,
தாயின் வாசம் ஏறிய கந்தல்துணி,
"இதைத் துவைத்துவிடாதீர்கள்" என்று ஒரு எச்சரிக்கை.
யாரிடம்?
நாளுக்கு நானூறு விரிப்பு துவைக்கிறவளிடம்.

முதல் இரவு அழுதது என்று சொன்னால் போதாது.
கதவிடம், நாற்காலியிடம், என் செருப்பிடம்
தனித்தனியாகப் போய் அழுதது.
கீழ்வீட்டு குன்ட்ஸ்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தார்.
குட்டி நிறுத்தியது. காதைச் சாய்த்தது.
யாரோ பதில் சொல்கிறார்கள் என்று
புது உற்சாகத்தோடு மறுபடி ஆரம்பித்தது.

கிண்ணத்தில் தின்னவில்லை.
பளபளக்கும் எவர்சில்வர்; குனிந்தால்
அடியிலிருந்து வேறொரு நாய் வாயைத் திறக்கிறது.
வாணலி மூடியைக் கவிழ்த்து அதில் வைத்தேன்.
பழையது முக்கால், புதியது கால்,
வெந்நீர் விட்டு, ஊறவைத்து,
விரலால் சூடு பார்த்து.
போனில் சொன்னபோது என் தங்கை சிரித்தாள்.
அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.
நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

தின்ற பத்தாவது நிமிடம்.
தூங்கி எழுந்த உடனே.
விளையாட்டின் நடுவே திடீரென்று
தரையை முகர்ந்து வட்டமடித்தால்,
அள்ளு, கோட்டுக்குள் போடு, இறங்கு.
தொண்ணூற்றிரண்டு படி.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
நெஞ்சில் வெதுவெதுப்பு பரவினால்
இனி அவசரமில்லை,
மெதுவாகப் போகலாம்.

கீழே கடற்காற்று.
அது பனியைத் தின்றது.
சைக்கிளைக் குரைத்தது.
சைக்கிளின் நிழலையும் குரைத்தது.
வந்த வேலையை மட்டும் மறந்து
மேலே தூக்கி வந்ததும்
கம்பளத்தின் நட்டநடுவில் நினைவுக்கு வந்தது.
திட்டக் கூடாதாம். மூக்கைத் தேய்க்கக் கூடாதாம்.
வினிகர் ஊற்றித் துடைத்தால்
வாசம் போய் அதுவும் இடத்தை மறந்துவிடுமாம்.
நான் மறக்கவில்லை.
புதுக் கம்பளம் அது.

ஆறாம் நாள் தாளில் அவன் கையெழுத்து:
"11.20. உள்ளே. தூங்கிவிட்டேன். தப்பு என்னுடையது."
எட்டு வருடத்தில்
இந்தக் கடைசி வாக்கியத்தை
அந்தக் கையெழுத்தில் நான் பார்த்ததில்லை.
நாய்க்குத்தான் எழுதியிருக்கிறான், தெரியும்.
இருந்தாலும் இரண்டு முறை படித்தேன்.
பக்கத்தில் என் வரியையும் எழுதினேன்:
"இரவு 2. உள்ளே. நானும்தான்."

பன்னிரண்டாம் நாள், விடியாத ஐந்தே முக்கால்.
இரவு உடுப்பின் மேல் கோட்டு,
காலில் ஜோடி மாறிய பூட்ஸ்,
முற்றத்து விளக்கடியில் நிற்கிறேன்.
பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறான்,
புருவத்தில் மாவு, கக்கத்தில் சூடான கம்பு ரொட்டி.
பேச வாயெடுத்தவனை
"உஷ்" என்றேன்.
குட்டி பின்கால்களை மடக்கிக்கொண்டிருந்தது.

இருவரும் மூச்சைப் பிடித்தோம்.
பனியில் சின்னதாக ஒரு மஞ்சள் குழி,
அதிலிருந்து எழுந்தது ஆவி.
இருட்டில் இரண்டு பெரியவர்கள்
கையுறையோடு கைதட்டினோம்,
சத்தமே வராமல்.
குன்ட்ஸின் ஜன்னலில் விளக்கு எரிந்தது.
எதையும் இடிக்கவில்லை அவர்.

ரொட்டியில் ஒரு முனையைக் கிள்ளி நீட்டினான்.
"கொடுக்காதே, வயிற்றுக்கு ஆகாது."
அந்த வாரம் அவன் முகம் பார்த்து
நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.
கிள்ளியதை அவன் பாதியாக்கி
பெரிய பாதியை எனக்குத் தந்தான்.

அடுத்த நாளே மறுபடி உள்ளே.
ஆனால் கதவுக்கு ஒரு சாண் முன்னால்,
கதவைப் பார்த்தபடி.
எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று
வோல்டிஸ் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றான்,
நான் வேலைக்குத் தாமதமாகும்வரை.
பிறகு உள்ளேக்கும் வெளியேக்கும் நடுவே
கோட்டின் மேலேயே
ஒரு புள்ளி வைத்தான்.